விசாவோடு சேர்த்து எடுக்கிற லைசென்ஸ்

தீவகத்திலிருந்து லண்டனுக்குப் படிக்கப் போகும் பிள்ளையின் பெட்டி எப்படி அடுக்கப்படும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வறுத்துத் திரித்த மிளகாய்த்தூளை இரட்டைப் பையில் கட்டுவார்கள். புழுக்கொடியல் ஒரு மூலைக்குப் போகும். நாகபூசணி அம்மன் விபூதி ஒரு சரையில் இருக்கும். சான்றிதழ்க் கோப்பின் முதல் உறையில் புதுக்கருக்குக் குலையாத சாரதி அனுமதிப்பத்திரம்; அதன் பின்னால் கொழும்புக்குப் போய் எடுத்த இன்டர்நாஷனல் லைசென்ஸ் புத்தகம். வழியனுப்ப வந்த பெரியப்பா அந்த அட்டையை வாங்கிப் பார்த்துத் தலையாட்டுவார். "இனிப் பயமில்லை. போய் இறங்கின உடனை ஓடலாம். ஓடினால் உழைக்கலாம்."

வேலணையில் கேட்டாலும் புங்குடுதீவில் கேட்டாலும் நெடுந்தீவில் கேட்டாலும் பேச்சு இதுதான். வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் கதைக்கும் மாமாமாரும் இதையே சொல்கிறார்கள். "விசாவுக்குப் போடேக்கையே லைசென்சுக்கும் போட்டுவிடு" என்பது இன்று எங்கள் ஊர்களில் ஐயெல்ற்ஸ் பரீட்சைக்கு அடுத்த புத்திமதி ஆகிவிட்டது. நான் இதை மறுக்கிறேன். அப்படி அவதியில் எடுக்கிற லைசென்ஸ் வீண்செலவு என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்கமாட்டேன். அது பிள்ளைக்குக் கெடுதல் செய்கிறது. பழக வேண்டிய வயதில், பழக வேண்டிய ஊரில், "எனக்குத்தான் லைசென்ஸ் இருக்கே" என்று அவனைப் பழகாமல் இருக்க வைக்கிறது.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். லண்டனில் ஒரு மணி நேர ஓட்டப் பயிற்சிக்கு 35, 40 பவுண் கேட்கிறார்கள். சித்தியடைகிறவர் சராசரியாக 45 மணி நேரம் ஆசிரியரோடும் 22 மணி நேரம் சொந்தக்காரரோடும் பழகியிருப்பார் என்று பரீட்சை நடத்தும் அரச நிறுவனமே சொல்லிவந்திருக்கிறது. 45ஐ 35ஆல் பெருக்கினால் 1,575 பவுண். தோட்டக்காணியை ஈடு வைத்துப் பிள்ளையை அனுப்புகிற குடும்பத்துக்கு அது சின்னத் தொகை அல்ல. ஆகவே "இஞ்சை மலிவா முடிச்சுக்கொண்டு போ" என்று தகப்பன் சொல்வதில் அன்பும் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வரி விடுபட்டுப் போகிறது.

பிரித்தானியா எங்கள் அனுமதிப்பத்திரத்தை மாற்றித் தராது. அவுஸ்திரேலியா, கனடா, ஜப்பான், சிங்கப்பூர், தென்னாபிரிக்கா, சுவிற்சர்லாந்து என்று சில நாடுகளின் அனுமதிப்பத்திரங்களைத்தான் அது பரீட்சை இல்லாமல் மாற்றிக் கொடுக்கிறது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை, இந்தியாவும் இல்லை. எங்கள் மாணவருக்குக் கிடைப்பது அந்த நாட்டில் குடியிருக்கத் தொடங்கிய நாளிலிருந்து 12 மாதம். அது முடிந்ததும் பள்ளிக்கூடப் பிள்ளை எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் இவரும் தொடங்க வேண்டும். 34 பவுண் கட்டித் தற்காலிக அனுமதிப்பத்திரம், 23 பவுண் கட்டி எழுத்துப் பரீட்சை, 62 பவுண் கட்டி ஓட்டப் பரீட்சை. ஆகமொத்தம் 119 பவுண். ஊரில் லைசென்ஸ் எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் அதே 119. ஊரில் செலவழித்த காசு இந்தத் தொகையில் ஒரு பென்சைக்கூடக் குறைக்காது.

இன்டர்நாஷனல் லைசென்ஸ் என்று நாங்கள் சொல்லும் அந்தப் புத்தகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயரைக் கேட்டால் உலகம் முழுவதும் செல்லுபடியாகும் பெரிய அதிகாரம் போலத் தோன்றும். 1949ஆம் ஆண்டின் ஜெனீவா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி இலங்கை ஆட்டோமொபைல் சங்கம் கொடுக்கிற அந்தப் புத்தகம், கையில் இருக்கிற அனுமதிப்பத்திரத்தின் மொழிபெயர்ப்பு. ஆயுள் ஒரு வருஷம். மூல அட்டை பக்கத்தில் இல்லாவிட்டால் அதற்கு மதிப்பில்லை. எங்கள் அட்டையில் ஆங்கிலமும் அச்சாகியிருப்பதால் பிரித்தானியாவில் அந்த மொழிபெயர்ப்பு இல்லாமலே 12 மாதம் ஓடலாம். நெடுந்தீவுப் பிள்ளை விடியப்புறம் வள்ளம் ஏறிக் குறிகட்டுவானில் இறங்கி, 776 பஸ்ஸில் யாழ்ப்பாணம் வந்து, இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் இந்தப் புத்தகத்தை எடுக்கிறது. அந்த அலைச்சலை நினைத்தால் எனக்கு நெஞ்சு பொறுக்கிறதில்லை.

"சரி, 12 மாதம் இருக்குத்தானே, அதுக்குள்ள பாப்பம்" என்பார்கள். எல்லாக் கேடும் தொடங்குவது இங்கேதான். 12 மாதத்தை எங்கள் பிள்ளைகள் தரப்பட்ட உரிமையாக நினைக்கிறார்கள். அது தவணை; முதல் நாளிலேயே குறையத் தொடங்குகிற தவணை. முதல் மூன்று மாதம் வீடு தேடி, வங்கிக் கணக்குத் திறந்து, விரிவுரை விளங்காமல் தவித்துப் போய்விடும். அடுத்த மூன்று மாதம் குளிரும் தேர்வும். ஆறாம் மாதத்தில் ஒருவர் நினைத்துக்கொண்டு பதியப் போனால் ஓட்டப் பரீட்சைக்குத் திகதி இல்லை. கோவிட்டுக்குப் பிறகு பல நிலையங்களில் ஐந்து, ஆறு மாதம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. எழுத்துப் பரீட்சையில் சித்தியடையாமல் ஓட்டப் பரீட்சைக்குப் பதியவும் முடியாது. ஆக, வந்து மூன்று, நாலு மாதத்துக்குள் பரீட்சையைப் பற்றி யோசிக்காதவருக்கு 12 மாதம் போதவே போதாது. கையில் லைசென்ஸ் இருக்கிற பிள்ளை மூன்றாம் மாதத்தில் ஏன் யோசிக்கப் போகிறது?

நான் யோசிக்கவில்லை. 2010 புரட்டாதியில் லண்டனுக்கு வந்தேன். ஊரில் எடுத்த லைசென்ஸ் இருந்தது. அதை எடுத்து நாலு மாதம்கூட ஆகவில்லை. மாமாவின் காரை ஓடினேன். முதல் வருஷம் ஒரு கீறல் இல்லை. அந்த ஒரு வருஷமே எனக்கு வினையாகிப் போனது, ஏனென்றால் எனக்கு ஓடத் தெரியும் என்று நான் நம்பிவிட்டேன். அடுத்த கோடையில் மூன்று கிழமைக்கு ஊருக்குப் போய் வந்தேன். "திரும்ப உள்ளுக்கு வந்தால் திரும்ப ஒரு வருஷம்" என்று கூட இருந்த பொடியள் சொன்னதை நம்பினேன். அது பொய். குடியிருக்கத் தொடங்கிய முதல் நாள்தான் கணக்கு. விமான நிலையத்தில் குத்துகிற முத்திரைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 2012 மாசியில், ஒரு மழை இரவில், பின்விளக்கு எரியவில்லை என்று பொலிஸ் மறித்தது. அனுமதிப்பத்திரம் செல்லாது, ஆகவே காப்புறுதியும் இல்லாத ஓட்டம் என்று எழுதினார்கள். கார் அங்கேயே பறிமுதலானது. நனைந்துகொண்டு பஸ் தரிப்பிடத்தில் நின்று மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் என்னை ஒரு வார்த்தையும் ஏசவில்லை. அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் தன் காசைக் கட்டிக் காரை மீட்டு வந்தார். அபராதமும் ஆறு புள்ளியும் எனக்கு விழுந்தன. காப்புறுதி இல்லாமல் ஓடிய குற்றம் நாலு வருஷம் பதிவில் நிற்கும். காப்புறுதிக் கம்பனிகள் ஐந்து வருஷத்துக்கு அதைக் கேட்பார்கள். பிறகு சொந்தமாகக் கார் வாங்கியபோது காரின் விலையைவிடக் காப்புறுதி கூடவாக இருந்தது.

அந்த இரவில் எனக்கு நடந்தது எரியாத ஒரு பின்விளக்கால் வந்த தற்செயல் என்று சிலர் சொல்வார்கள். இன்று அந்தத் தற்செயலும் தேவையில்லை. பொலிஸ் காரின் கமரா இலக்கத்தகட்டை வாசித்துக் காப்புறுதி இருக்கிறதா என்று கண நேரத்தில் சொல்லிவிடும். மாமாவை முதன்மைச் சாரதியாகக் காட்டிவிட்டு மருமகன் நாள் முழுக்க ஓடுகிற வழக்கம் எங்கள் சனத்திடம் பரவலாக உண்டு. கம்பனிக்காரர் அதை மோசடியாகவே பார்க்கிறார்கள். விபத்து நடந்த அன்றுதான் அது வெளியே வரும். அன்றைக்கு மாமாவின் பெயரும் சேர்ந்து கெடும்.

கனடாவுக்குப் போகிறவர்களுக்கும் இதே புத்திமதியைத்தான் கொடுக்கிறோம். அங்கே கதை இன்னும் கடினம். ஒன்ராறியோவில் குடியேறியவருக்கு 60 நாள்தான். பிரித்தானியக் கொலம்பியாவில் முழுநேர மாணவருக்கு வேறு விதி. கனடா என்று ஒரே சொல்லில் சொல்லக்கூடிய விதி எதுவும் கிடையாது. மாகாணத்துக்கு மாகாணம் கேட்க வேண்டும். ஒன்ராறியோவில் 1994இலிருந்து ஜி1, ஜி2, ஜி என்று படிப்படியாகத்தான் ஏற முடியும். முன்பு வேறு நாட்டில் ஓடிய அனுபவத்தை அவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள் என்பது உண்மை. இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியதை நிரூபித்தால் நேரே ஜி பரீட்சைக்கே போகலாம். ஆனால் அவர்கள் எண்ணுவது வருஷத்தை. பயணத்துக்கு மூன்று கிழமைக்கு முன் கைக்கு வந்த அட்டை அந்தத் தராசில் மூன்று கிழமைக்கு மேல் எடை காட்டாது.

அடுத்தது உழைப்பு. "ஓடினால் டெலிவரி செய்து படிப்புச் செலவைப் பாக்கலாம்" என்கிற நம்பிக்கைதான் இந்த லைசென்ஸ் அவதிக்கு உண்மையான காரணம் என்று நினைக்கிறேன். இதைச் சொல்கிறவர்கள் பிள்ளையின் விசாக் கடிதத்தை ஒருமுறையாவது வாசித்திருக்க வேண்டும். பிரித்தானிய மாணவர் விசாவில் கல்வித் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணி நேரம்தான் வேலை. சுயதொழில் முற்றாகத் தடை. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற செயலிகளில் ஓடுகிறவர்கள் பெரும்பாலும் சுயதொழிலாளராகவே கணிக்கப்படுகிறார்கள். டெலிவரூ ஓட்டுநர்களுக்கு அந்த நிறுவனத்தோடு வேலையாள் என்ற உறவு இல்லை என்று பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு தொழிற்சங்கக்காரருக்கு ஒரு தோல்வி. எங்கள் மாணவருக்கு அதன் பொருள் வேறு: அந்தப் பையைத் தோளில் போட்ட கணத்தில் விசா நிபந்தனை மீறப்படுகிறது. இன்னொருவர் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓடினால் மீறல் ஒன்றுக்கு இரண்டு. காரில் ஓடினால், கூலிக்குச் சாமான் ஏற்றுவதற்கென்று தனியாக எடுக்க வேண்டிய காப்புறுதியும் இருக்காது. இத்தனையையும் ஒரு பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டு, "லைசென்ஸ் இருக்கு, பயமில்லை" என்று கையசைத்து அனுப்புகிறோம்.

"தீவுப் பிள்ளைக்குக் கைத்திறன் இருக்கு. பண்ணைப் பாலத்திலை எதிர்க்காத்துக்கு மோட்டார் சைக்கிள் ஓடினவனுக்கு லண்டன் ரோட்டு ஒரு ரோட்டோ?" இதைச் சொல்லும்போது எங்கள் ஆட்களின் முகத்தில் ஒரு பெருமை தெரியும். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. சோளகம் பெயர்ந்து அடிக்கும்போது பண்ணையில் சைக்கிளை நேராகப் பிடிப்பது எல்லோராலும் ஆகிற காரியமில்லை. ஆனால் எங்கள் வீதி எதைப் பழக்குகிறது என்று பாருங்கள். அல்லைப்பிட்டி, மண்கும்பான், வங்களாவடி, வாணர் தாம்போதி, மடத்துவெளி என்று குறிகட்டுவான் வரைக்கும் போனாலும் ஒரு சமிக்ஞை விளக்குக் கிடையாது. பனங்கூடலும் வேலியும் மறைக்கிற வளைவுகளில் நாங்கள் ஹோர்ண் அடித்துக்கொண்டு ஓடுகிறோம். எங்களுக்கு ஹோர்ண்தான் கண்ணாடி, ஹோர்ண்தான் சிக்னல், ஹோர்ண்தான் பிறேக். மாடு விலகும், ஆடு விலகும், சைக்கிள்காரர் விலகுவார். எங்கள் கை பழகியிருப்பது மற்றவர் விலகுகிற வீதியில்.

லண்டனில் விலக வேண்டியவர் நீங்கள். குடியிருப்புப் பகுதியில் இரவு 11.30 முதல் காலை 7 மணி வரை ஹோர்ண் அடிப்பதே சட்டப்படி குற்றம். 2022 தையில் அவர்களுடைய வீதி விதி நூலான ஹைவே கோட் திருத்தப்பட்டது. பெரிய வாகனக்காரர் சின்ன வாகனக்காரருக்கும், எல்லோரும் நடந்து போகிறவருக்கும் பொறுப்பு என்று வரிசை வைத்தார்கள். நீங்கள் திரும்பப் போகிற சந்தியில் ஒருவர் வீதியைக் கடக்கக் காத்து நின்றால், அவர் இன்னும் கால் வைக்காவிட்டாலும், வழிவிட வேண்டியவர் நீங்கள். ஓட்டப் பரீட்சை சுமார் 40 நிமிடம். பரீட்சகர் உங்கள் ஸ்டியரிங் பிடியை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கமாட்டார். கண் எங்கே போகிறது என்று பார்ப்பார்: வேகம் குறைக்க முதல் கண்ணாடி பார்த்தீர்களா, இடப்பக்கம் சைக்கிள்காரர் வருகிறாரா என்று திரும்பினீர்களா. சின்னப் பிழை 15 வரை பொறுப்பார்கள். ஆபத்தான பிழை ஒன்று போதும், திருப்பி அனுப்ப. வருஷக்கணக்காக ஓடியவர்கள் இந்தப் பரீட்சையில் தவறுவதற்கும், ஒருநாளும் ஓடாதவர்கள் சித்தியடைவதற்கும் காரணம் இதுதான். வாகனத்தை அசைப்பது அங்கே பாதிப் பாடம்கூட இல்லை.

எங்கள் சனத்துக்கு இது விளங்காத விஷயமும் அல்ல. நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையில் நாற்பது வருஷம் வள்ளம் விட்ட ஓட்டி ஒருவரை மன்னார்க் கடலுக்குக் கொண்டுபோய் விட்டால் அவர் முதல் நாள் என்ன செய்வார்? அந்தக் கடலறிந்த ஒருவரை அணியத்தில் இருத்திக்கொண்டு, எங்கே கல், எங்கே மணல், நீரோட்டம் எந்தப் பக்கம் என்று கேட்டுக் கேட்டுத்தான் போவார். கேட்பதை அவர் வெட்கமாக நினைக்கமாட்டார். கேளாமல் போய்ப் பாரில் ஏற்றியவரைத்தான் ஊர் ஏசும். கடலுக்கு இவ்வளவு மரியாதை வைத்திருக்கிற நாங்கள் தார்வீதியை மட்டும் எங்கே போனாலும் ஒன்று என்று எப்படி நினைத்தோம்?

வெட்கம் என்று சொன்னேன். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் கோபம் வருகிற இடம் அதுதான். "ஊரிலை ஹயஸ் வான் ஓடினவன், அங்கை போய் எல் போட் கட்டுறதோ?" என்று கேட்கிறார்கள். காரின் முன்னும் பின்னும் ஒட்டுகிற அந்தச் சிவப்பு எழுத்தை மானப் பிரச்சினையாக்கி, எத்தனை பிள்ளைகளை 13ஆம் மாதத்தில் களவாக ஓட வைத்திருக்கிறோம்? பட்டப்படிப்புக்கு வந்தவருக்கு விரிவுரை மண்டபத்தில் முதலாம் வருஷ மாணவராக இருப்பது வெட்கமில்லை. வீதியில் மட்டும் ஏன் வெட்கம்?

என் தங்கச்சி 2012 புரட்டாதியில் படிக்க வந்தாள். அவளுக்கு ஊரில் ஒருவரும் லைசென்ஸ் எடுத்துக் கொடுக்கவில்லை. "பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன்" என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கென்று ஒதுக்கிய காசு அவளுக்கு ஒதுக்கப்படவில்லை. அது அநீதி. அந்த அநீதியால் அவள் வெறுங்கையோடு வந்தாள். வந்த மூன்றாம் மாதமே தற்காலிக அனுமதிப்பத்திரத்துக்குப் போட்டாள். கையில் ஒன்றும் இல்லாதபடியால் காத்திருக்க அவளுக்குக் காரணமும் இருக்கவில்லை. ஞாயிறு காலையில் மாமா பக்கத்தில் இருக்க, எல் போட் ஒட்டிய அதே காரில் பழகினாள். மாமா அவளுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது நிற்பது, ஓடுவது பிறகு. எழுத்துப் பரீட்சைக்கு நாங்கள் இருவருமே தமிழில்தான் இருந்தோம். அப்போது கேள்விகளைத் தமிழ்க் குரலில் காதில் கேட்டு விடை தரலாம். 19 மொழிகளில் அந்த வசதி இருந்தது. 50 கேள்வியில் 43 சரியாக வேண்டும். லண்டன் அலுவலகம் ஒன்றில், காதுக்குள் தமிழ் கேட்க, வீதி விதிகளை முதல்முறையாக விளங்கிப் படித்த அந்த நாளை நான் மறக்கமாட்டேன். ஊரில் எழுத்துப் பரீட்சைக்கு நான் பழைய கேள்வித்தாளை மனப்பாடம் செய்தேன். ஒரு விதிக்கும் காரணம் தெரியாது. தங்கச்சி 2013 ஆனியில், இரண்டாம் முறையில், சித்தியடைந்தாள். பேரேட்டில் ஒரு கறையும் இல்லாமல் என்னைவிட மலிவாகக் காப்புறுதி எடுத்தாள். எங்கள் இருவரில் தகுந்த ஆயத்தத்தோடு வந்தவன் நான் என்றுதான் ஊர் இன்றைக்கும் நினைக்கிறது.

2014 சித்திரையில் அந்தத் தமிழ்க் குரலை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஆங்கிலம் அல்லது வெல்ஷ் மட்டும்தான். அது சரியான முடிவு என்று எனக்குப் படவில்லை. ஒன்ராறியோவில் இன்றும் எழுத்துப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம். ஆனால் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் படிக்க வருகிற பிள்ளைக்கு ஆங்கிலப் பரீட்சை கடக்க முடியாத மதில் இல்லை. ஹைவே கோட் இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. ஊரில் இருந்தே வாசிக்கலாம்.

ஒரு பழைய கதையையும் இந்தப் புத்திமதி மறைத்துவிடுகிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தீவுகளை விட்டுப் போனவர்களிடம் என்ன லைசென்ஸ் இருந்தது? பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் இயந்திரத்தை முக்க வைத்தவர்கள், சைக்கிளைத் தவிர வேறொன்றும் ஓடாதவர்கள். அவர்கள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் சூரிச்சிலும் போய், தெரியாத மொழியில், வீதியின் வலப்பக்கத்தில், முதல்நாள் பழகுநராக இருந்து பழகினார்கள். பிறகு பஸ் ஓட்டினார்கள், டாக்சி ஓட்டினார்கள், பனியில் பாரவண்டி ஓட்டினார்கள். அவர்களில் பலர் இன்று ஓட்டப் பயிற்சி ஆசிரியர்கள். வெறுங்கையோடு போய்ப் பழகிய அந்த மாமாமாரே இன்று தொலைபேசியில் "லைசென்ஸோடை வா" என்று சொல்வதுதான் எனக்கு விளங்காத புதிர். பட்ட கஷ்டம் பிள்ளைக்கு வரக்கூடாது என்று நினைக்கிறார்கள் போலும். தங்களை ஆளாக்கியது அந்தக் கஷ்டம்தான் என்பதை மறந்துவிட்டார்கள்.

ஊரில் வாகனம் பழகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழகுங்கள், நேரத்தோடு பழகுங்கள். 18 வயதில், ஏ.எல். எழுதி முடித்துப் பெறுபேறு வரும்வரை சும்மா இருக்கிற மாதங்களில் தொடங்குங்கள். எழுத்துப் பரீட்சைக்கும் ட்ரயல் என்கிற ஓட்டப் பரீட்சைக்கும் இடையில் மூன்று மாதம் வைத்திருப்பது பழகுவதற்காகத்தான். அதை நாட்காட்டியில் கிழித்துத் தள்ளுவதற்கு அல்ல. ட்ரயலுக்குத் தேவையான நாலு அசைவோடு நின்றுவிடாமல் யாழ்ப்பாண நகரத்துக்குள் வந்து, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில், விளக்குச் சந்தியில் ஓடுங்கள். பெட்டைகளையும் சேர்த்துப் பழக்குங்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுப் பிள்ளைகள் ஒவ்வொரு பயிற்சிக்கும் கடல் கடக்க வேண்டியிருக்கிறது. மருத்துவச் சான்றிதழும் எழுத்துப் பரீட்சையும் வருஷத்தில் சில நாளாவது அந்தந்தத் தீவுக்கே வர வேண்டும் என்று பிரதேச செயலகங்களில் கேட்போம். இரண்டு வருஷம் உண்மையாக ஓடிவிட்டுப் போகிற பிள்ளைக்கு லண்டனில் 45 மணி நேரம் தேவைப்படாது. பத்து, பதினைந்தில் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். கனடாவில் அந்த இரண்டு வருஷத்துக்குப் பெறுமதி உண்டு. ஓட்டத்தைக் கொண்டுபோங்கள். அட்டை அதன் பின்னால் வரட்டும்.

போன ஆடியில் ஊருக்குப் போனபோது நெடுந்தீவிலிருந்து பெறாமகன் ஒருவன் குறிகட்டுவானுக்கு வந்து என்னைச் சந்தித்தான். புரட்டாதியில் லண்டன் பயணம். மெடிக்கலுக்குக்கூட இன்னும் போகவில்லை, ஆனால் எப்படியாவது லைசென்ஸ் எடுத்துத் தரச்சொல்லித் தகப்பன் என்னிடம் அனுப்பியிருந்தார். துறையடியில் 776 நின்றது. அதன் முன்னால் இருந்து கடல் பக்கமாக 20 மீற்றர் அளவுக்கு எட்டி வைத்து நடந்து, அவனை அங்கே நிற்க வைத்தேன். லண்டன் ஓட்டப் பரீட்சை தொடங்கும்போது பரீட்சகர் முதலில் கேட்பது 20 மீற்றரில் நிற்கிற வாகனத்தின் இலக்கத்தகட்டை வாசிக்கச் சொல்லித்தான். வாசிக்க முடியாவிட்டால் பரீட்சை அந்த இடத்திலேயே முடிந்துவிடும். "வாசி, தம்பி" என்றேன். கண்ணைச் சுருக்கினான். எழுத்தைச் சொன்னான். கடைசி இரண்டு இலக்கமும் பிழை. ஓரடி முன்னால் வந்து திரும்பச் சொன்னான், அதுவும் பிழை.

"கன நாளா இப்பிடியோ?"

"வகுப்பிலை முன் வாங்கிலைதான் சித்தப்பா இருக்கிறனான்" என்றான்.

கொழும்புக்குப் போய்ப் புத்தகம் எடுக்க என்று தகப்பன் கொடுத்துவிட்ட காசு அவன் சட்டைப் பையில் இருந்தது. அதே பஸ்ஸில் ஏறி யாழ்ப்பாணம் போனோம். மத்தியானத்துக்குள் கண் சோதித்து, கண்ணாடிக்குச் சொல்லிவிட்டு, பின்னேர வள்ளத்துக்கு அவனைத் திரும்பக் கொண்டுவந்து ஏற்றினேன்.